ஸ்கேல் மாடல் மேசையும் உதிரிப் பாகங்களும்: ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் அறுபதைத் தாண்டியவர். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையின் மேற்குப் புறநகரில், பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் மனைவியோடு வசிக்கிறார். மகள் வெளியூரில். மூன்று வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி வந்து தங்குவார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் முழு மூச்சாக இறங்கியது பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கட்டுவதில். 1/72 அளவில் போர் விமானங்கள், 1/35 அளவில் டாங்கிகளும் ராணுவ லாரிகளும். 1/72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலத்துக்கு வந்துவிடுவார். 1/35-ல் அதே ஆள் ஐந்து சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டுவார். உதிரிகளைப் பிரிக்கும் இடத்தில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

கிட் பெட்டியில், அதாவது ஒரு மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டியில், வருகிற எல்லாப் பாகமும் மாடலில் ஏறாது. ஒரே அச்சை வைத்துப் பல ரகங்களை விற்க வேண்டியிருப்பதால் கம்பெனிகள் இரண்டு வகை வால், மூன்று வகை ஏவுகணை என்று கூடுதலாகவே வைக்கின்றன. கட்டி முடித்த பின் மிஞ்சுவதுதான் ஸ்பேர்ஸ். நம் ஊரில் மாடல் கட்டுகிறவருக்கு அது ஆடம்பரமல்ல. தொலைந்த ஒரு பாகத்தை வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதி வரவழைத்தால் தபால் செலவு, சுங்கவரி, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து, இதற்குப் புதுக் கிட்டே வாங்கியிருக்கலாமே என்றாகிவிடும்.

இந்திய விமானப்படை விமானம் கட்டுகிறவருக்கு இன்னும் கூடுதல் தேவை. மிக்-21 கிட்களில் பெரும்பாலானவை வேறு நாட்டுச் சின்னங்களோடும் வேறு ஆயுதங்களோடும் வருகின்றன. நம்முடைய மிக்-21 எஃப்எல் ரகத்தைச் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் கே-13 ஏவுகணை ஒரு பெட்டியிலிருந்தும், வயிற்றுக்கடியில் தொங்கும் ஜிபி-9 துப்பாக்கிக் கூடு இன்னொரு பெட்டியிலிருந்தும் வர வேண்டியிருக்கும். உதிரிப் பெட்டி ஒழுங்காக இல்லையென்றால் அந்த விமானத்தைக் கட்டவே முடியாது.

## சக்கரம் தொலைந்தது

1963-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை பெற்றது. எஃப்எல் ரகம் அதற்கு முன்பே, 2013 டிசம்பரில் போய்விட்டது. அவருடைய மச்சினர் விமானப்படையில் தரைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். எஃப்எல் விமானங்களில் பல வருடம் கை வைத்து வேலை பார்த்தவர். அந்த செப்டம்பர் நாளுக்குள் ஓர் எஃப்எல்லைக் கட்டி மச்சினர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை. கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஜூலையில் ஒரு மாலை, மூக்குச் சக்கரத்தை ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து, கட்டரால் வெட்டினார். சக்கரம் தெறித்தது. நிஜ விமானத்தில் அரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் 1/72-ல் ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கும். தரை மொசைக். வெள்ளையும் கறுப்பும் சாம்பலும் புள்ளிபுள்ளியாகக் கலந்த அந்தத் தரையில் சாம்பல் நிறச் சக்கரம் விழுந்தால் கண்ணுக்குப் படாது. மேலே மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

தன்னிடம் மிக்-21 சக்கரங்கள் மிச்சம் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பெட்டியில் என்பதுதான் தெரியவில்லை. நான்கு நாள் தேடிவிட்டு, "சார், புதுசா ஒரு கிட் வாங்கிடலாமான்னு பாக்கறேன்" என்று என்னைக் கூப்பிட்டார். வாங்குவதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றேன்.

## போய்ப் பார்த்தபோது

வேலை நடந்த இடம் சாப்பாட்டு மேசை. ஒவ்வொரு வேளையும் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அப்புறம் மறுபடி பரப்ப வேண்டும். பாகம் தொலைவதில் பாதி இந்தப் பெயர்ச்சியில்தான் நடந்தது என்பது என் கணிப்பு. மேசைக்கு இரண்டடி தள்ளி, கூடத்துச் சுவரில் பூஜை அலமாரி. காலையும் மாலையும் விளக்கு எரியும். அதே கூடத்தில்தான், பெயின்ட்டைக் கரைக்கிற, எளிதில் தீப்பற்றும் லேக்கர் தின்னர் பாட்டில் திறக்கப்பட்டது.

உதிரிகள் மூன்று இடங்களில் இருந்தன. கட்டி முடித்த கிட்களின் பழைய அட்டைப் பெட்டிகள் லாஃப்டில். எந்தக் கிட்டில் மிஞ்சியதோ அது அந்தப் பெட்டியிலேயே. சின்னப் பாகங்கள் ஸ்வீட் டப்பாக்களில், படுக்கையறை அலமாரியில். கண்ணாடிப் பாகங்களும் டீக்கல் தாள்களும் ஒரே பிளாஸ்டிக் உறையில் ஒன்றோடொன்று உரசியபடி.

திறந்து பார்த்ததில் மூன்று சேதங்கள் தெரிந்தன. மூன்றுமே நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கக்கூடியவை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

லாஃப்டில் இருந்த ஒரு 1/35 டாங்கிப் பெட்டியில், வினைல் ரப்பரில் செய்த சங்கிலிப் பட்டையைச் சுருட்டி அடிப்பாகத்தின் மேலேயே வைத்திருந்தார். பட்டை கிடந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் இளகி, பட்டையின் பல் ஒவ்வொன்றும் அச்சுக் குத்தினாற்போல் இறங்கியிருந்தது. பிரித்தபோது நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பசையான பொருள் மெல்லக் கசிந்து, கிட் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும். சூடு கூடினால் கசிவும் வேகமாகும். மேல்மாடி வீட்டு லாஃப்ட், மேலே நேராக மொட்டைமாடி. சித்திரை, வைகாசியில் அங்கே கை வைக்க முடியாது.

இரண்டாவது சேதம் படுக்கையறை அலமாரியில். இராமபாணப் பூச்சி வந்து கட்டுமானக் குறிப்புத் தாள்களை அரித்துவிட்டது என்று, அவர் மனைவி நல்ல எண்ணத்தில் ஸ்வீட் டப்பாக்களில் இரண்டிரண்டு அந்துருண்டை போட்டு மூடியிருந்தார். உருண்டை பட்ட பாகங்கள் பிசுபிசுவென்று ஆகி, விரல் ரேகை பதிகிற அளவுக்கு மேற்பரப்பு இளகியிருந்தது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனைத் தாக்கும் என்பது புடவை அலமாரியைப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மாடல் கட்டுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, டீக்கல்கள். விமானச் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட அந்த மெல்லிய படலம் தண்ணீர் பட்டால் தாளிலிருந்து நழுவி வர வேண்டும். சென்னையின் மழைக்காலக் காற்று ஈரத்தில் இரண்டு தாள்கள் முகத்தோடு முகம் ஒட்டிப் போயிருந்தன. இன்னொன்று மஞ்சளடித்திருந்தது.

சக்கரம் அன்று கிடைக்கவில்லை.

## இடத்தைப் பற்றி எடுத்த முடிவுகள்

முதலில் பேச வேண்டியது அவர் மனைவியோடுதான் என்று நினைத்தேன். வீட்டில் எந்த இடம் நிரந்தரமாகக் கிடைக்கும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். சாப்பாட்டு மேசை திரும்ப வேண்டும், பேரன் வந்தால் கத்தியும் தின்னரும் கைக்கு எட்டக் கூடாது, வாடை கூடத்துக்கு வரக் கூடாது என்றார். மூன்றும் நியாயம். பதிலுக்கு, மகள் வந்தால் தங்கும் இரண்டாவது படுக்கையறையில் ஜன்னலோரச் சுவரையும், அங்கேயுள்ள சுவர் அலமாரியின் மேல் இரண்டு தட்டுகளையும் விட்டுக்கொடுத்தார். கீழ்த்தட்டுகளில் பாத்திரம் இருந்ததால் அலமாரிக்குப் பூட்டு போடுவதிலும் சிக்கல் வரவில்லை. பாத்திரத்தை எப்போதாவதுதான் எடுப்பார்கள்.

நான்கடிக்கு இரண்டடியில் ஒரு மேசை போட்டோம். அதற்குப் பெரிதாக வேண்டாம் என்பது என் பிடிவாதம். 1/72, 1/35 கட்டுகிறவருக்குக் கை எட்டும் தூரத்துக்கு அப்பாலுள்ள மேசைப் பரப்பு கிடங்காகத்தான் மாறும். நடுவில் ஏ3 அளவு கட்டிங் மேட். அதன் மேல் எந்தப் பொருளும் நிரந்தரமாக இருக்கக் கூடாது. பின்சுவரில் ஒரு பலகை அடித்து, கட்டர், இடுக்கி, அரம், கத்திப் பிடி ஒவ்வொன்றுக்கும் ஆணியும் அதன் உருவக் கோடும் வரைந்தார். தொழிற்சாலையில் பழகியது. எந்தக் கருவி இடத்தில் இல்லை என்பது வெற்றுக் கோடாகக் கண்ணில் அடிக்கும். பேரன் வருகிற நாளில் கத்திப் பிடியின் இடம் காலியாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்காமல் அறையைத் திறக்கக் கூடாது என்பதை வீட்டு விதியாக வைத்தார்கள். தேய்ந்த பிளேடுகளுக்கு மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பா.

விளக்கு இரண்டு, இடமும் வலமும். ஒரே விளக்கு என்றால் கையின் நிழல் வேலை செய்யும் இடத்திலேயே விழும்.

பாகம் தெறிப்பதற்கு இரண்டு ஏற்பாடு. ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்து மேசை விளிம்பில் கிளிப் போட்டு, மறுமுனையை மடியில் விரித்துக்கொள்வது. நகைப் பட்டறையில் பொன் துகள் சிந்தாமல் பிடிக்க மேசைக்கடியில் தோல் கட்டியிருப்பார்களே, அதே வேலைதான். இரண்டாவது, ஒரு சென்டிமீட்டருக்குச் சிறிய எந்தப் பாகத்தையும் ஜிப் கவருக்குள் கையையும் கட்டரையும் விட்டு வெட்டுவது. பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். தெறித்தாலும் கவருக்குள்தான் கிடக்கும். இதையும் மீறி விழுந்துவிட்டால், அறை விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடிக்க வேண்டும். ஏழு மில்லிமீட்டர் பாகத்துக்கும் நீள நிழல் விழும். மொசைக்கின் புள்ளிகளுக்கு நிழல் கிடையாது. மின்விசிறிக்குப் பதிலாகத் தரையில் நிற்கும் விசிறி ஒன்றை முதுகுப் பக்கம், தாழ்வாக வைத்தோம்.

பெயின்ட் அடிக்கும் இடம்தான் அதிகம் யோசிக்க வைத்தது. அவர் முதலில் சொன்னது சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனி. காற்றோட்டம் நன்றாக இருந்தது. ஆனால் கேஸ் சிலிண்டர் அங்கேதான் நிற்கிறது, அடுப்பு மூன்றடியில். லேக்கர் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, எங்கோ இருக்கும் நெருப்பைத் தொடும். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். படுக்கையறைப் பால்கனியில் ஓர் அட்டைப் பெட்டித் தடுப்பு வைத்து அடிப்பது, லேக்கரைத் தவிர்க்க முடியாதபோது மட்டும் பயன்படுத்துவது, மற்றதெல்லாம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், எதுவானாலும் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள அரைமுகக் கவசம் என்று முடிவானது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது தூசிக்குத்தான் ஓரளவு உதவும். தின்னர் ஆவியை அது நிறுத்தாது. தின்னர் பாட்டில்கள் பூஜை அலமாரி இருக்கும் கூடத்தைவிட்டு முழுவதுமாக வெளியேறின.

## உதிரிகள்: முதல் ஏற்பாடு

உதிரிகளை எப்படிப் பிரிப்பது என்பதில் அவருக்கென்று ஒரு திட்டம் இருந்தது. ஸ்டோர்ஸில் பல வருடம் பின் கார்டு, அதாவது ஒவ்வொரு பொருளின் இருப்பையும் குறிக்கும் அட்டை, எழுதியவர். ரிச்சி தெருவில், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர்கள் ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் போட்டுவைக்கிற சின்ன இழுப்பறைப் பெட்டிகள் இரண்டு வாங்கிவந்தார். மொத்தம் அறுபது அறைகளுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் எண், ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே விவரம்: 1/72, சோவியத், மூக்குச் சக்கரம். 1/72, சோவியத், பெரிய சக்கரம். 1/35, ஜெர்மன், மண்வெட்டி.

ஆகஸ்ட் மாதம் முழுக்க மாலை நேரங்களில் இந்த வேலை நடந்தது. லாஃப்டிலிருந்த ஒவ்வொரு கிட் பெட்டியும் இறங்கி, பிரிந்து, அறைகளுக்குப் போனது. அந்தப் பிரிப்பின்போது மிக்-21 மூக்குச் சக்கரம் மூன்று கிடைத்தது. மூன்றும் வேறு வேறு பெட்டிகளில். கே-13 ஏவுகணைகளும் வேண்டிய அளவு சேர்ந்தன. விமானம் செப்டம்பர் 26-க்கு முன்பே முடிந்து மச்சினர் வீட்டுக்குப் போனது. அவர் வாங்கியதும் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார், சக்கரக் கூடு இருக்கும் பக்கத்தை.

அந்த நேரத்தில் யார் கேட்டிருந்தாலும் இந்த ஏற்பாடு வெற்றி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

## ஏன் குலைந்தது

நவம்பரில் மறுபடி போனேன். மேசை அப்படியே ஒழுங்காக இருந்தது. சுவர்ப் பலகையில் ஒரு கோடுகூட வெறுமையாக இல்லை. ஆனால் இழுப்பறைப் பெட்டியின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா நின்றது. அதற்குள் குவியலாக உதிரிகள். கேட்டதற்கு, "அது பிரிக்க வேண்டியது சார்" என்றார்.

நடந்தது இதுதான். செப்டம்பருக்குப் பிறகு நேட் என்ற சிறிய போர் விமானம் ஒன்றும் ஒரு லாரியும் கட்டினார். ஒவ்வொன்றிலும் இருபது முப்பது பாகம் மிஞ்சியது. அந்த முப்பதும் இருபது வெவ்வேறு அறைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் என்னவென்று அடையாளம் கண்டு, நோட்டில் எண் தேடி, அறையைத் திறந்து, போட்டு, எழுத வேண்டும். மாடலை முடித்த களைப்பில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். டப்பாவில் போட்டார். அடுத்த முறை ஏதாவது தேவைப்பட்டபோது, புதியவை டப்பாவில் இருப்பதால், முதலில் அங்கேதான் தேடினார். அறைகளைத் திறப்பதே குறைந்துவிட்டது.

தொழிற்சாலை ஸ்டோர்ஸில் அந்த முறை நடப்பதற்குக் காரணம், எடுத்து வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் அங்கே இருக்கிறார். வீட்டில் கட்டுகிறவரும் அவரே, ஸ்டோர் கீப்பரும் அவரே. இப்படிப்பட்ட இடத்தில், எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதைவிட, திரும்ப வைப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் ஓர் ஏற்பாடு நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது பிரதானமாக இதைத்தான். வாங்குகிற பெட்டியின் அழகு, லேபிளின் நேர்த்தி எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

இன்னொரு குறையும் இருந்தது. அது எனக்கு முதலில் பிடிபடவில்லை, அவர்தான் சொன்னார். டப்பாவில் கிடந்தவற்றில் பாதி, என்ன பாகம் என்றே அவருக்குத் தெரியாதவை. ஏதோ ஒரு பெட்டி வடிவம், ஏதோ ஒரு குழாய். நோட்டில் அவற்றுக்கு வரியே கிடையாது. ஆனால் கட்டும்போது அதிகம் உதவுவதும் அவைதான். எரிபொருள் தொட்டியின் ஒரு பாதி லாரியின் விளக்குக் கவசமாகும், ஏவுகணையின் வால் துண்டு ரேடியோப் பெட்டியின் மூடியாகும். தேடுகிறவர் மனத்தில் இருப்பது "உருண்டையாக, ஐந்து மில்லிமீட்டரில், ஏதாவது" என்பதுதான். பெயரால் அடுக்கிய அறையில் அப்படித் தேட வழியில்லை.

## இரண்டாவது ஏற்பாடு

மார்கழிக் கடைசியில், போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதோடு சேர்த்து இதையும் முடித்துவிட வேண்டும் என்று அவர் மனைவி கெடு வைத்தார். அது நல்லதாகப் போயிற்று. கெடு இல்லையென்றால் பிரிக்கும் வேலை முடியாது.

அறுபது அறைகள் போய் பதினைந்து தட்டை டப்பாக்கள் வந்தன. பாரிமுனையில் மொத்த விலைக் கடையில் வாங்கியவை. ஒளி புகும் மூடி, ஆழம் இரண்டு விரல் பருமன். ஆழத்தில் கண்டிப்பாக இருந்தோம். உதிரி ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது இல்லாத மாதிரிதான். ஒரே அடுக்காகப் பரவிக் கிடந்தால், பெட்டியை லேசாக ஆட்டினால் போதும், எல்லாம் கண்ணில் படும்.

பார்த்தவுடன் என்னவென்று தெரிகிற பாகங்களுக்குச் சில டப்பாக்கள்: சக்கரம், ஆயுதம், இருக்கையும் விமானி அறையும், ஆட்கள், கருவிகளும் பெட்டிகளும். இவற்றை மட்டும் 1/72 ஒன்று, 1/35 ஒன்று என்று அளவு வாரியாகப் பிரித்தோம். மனிதன் உட்காருவது, பிடிப்பது, தூக்குவது எல்லாவற்றிலும் அளவு தப்பினால் உடனே தெரிந்துவிடும். நாடு, காலம் என்ற பிரிவுகளை விட்டுவிட்டோம். சோவியத் சக்கரமும் அமெரிக்கச் சக்கரமும் ஒரே டப்பாவில் கிடந்தால் தேட அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

என்னவென்று தெரியாதவற்றுக்கு வடிவமே முகவரி. உருண்டையும் வட்டமும் ஒன்றில், குச்சியும் குழாயும் ஒன்றில், பெட்டி வடிவமும் தட்டையும் ஒன்றில். இவற்றில் அளவுப் பிரிவு கிடையாது. ஐந்து மில்லிமீட்டர் குழாய் எந்த அளவிலும் குழாய்தான்.

தனியாக வைக்க வேண்டியவை நான்கு. கண்ணாடிப் பாகங்கள், ஒவ்வொன்றும் மெல்லிய டிஷ்யூ சுற்றி ஜிப் கவரில். உரசினால் கீறல் விழும், சூப்பர் குளூவின் ஆவி பட்டால் வெண்படலம் படரும், ஆகவே குளூ இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வேண்டாம். வினைல் பட்டைகளும் டயர்களும், பாலிஸ்டைரீன் எதனோடும் தொடாமல், தனிக் கவரில். பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த மெல்லிய பாகங்கள், வளையாமல் இருக்க விசிட்டிங் கார்டு ஆல்பத்தில். டீக்கல்கள், தாளுக்கொரு கவராக, ஒரு ஃபைலில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

சிலிக்கா ஜெல்லில் நீல நிறம் வேண்டாம், ஆரஞ்சு வாங்குங்கள் என்றேன். ஈரம் இழுத்ததும் நீலம் இளஞ்சிவப்பாக மாறுவது கோபால்ட் உப்பால். குழந்தை புழங்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல. ஆரஞ்சு பச்சையாக மாறும். பச்சையானதும் சூடாக்கி ஈரத்தை ஓட்டி மறுபடி பயன்படுத்தலாம், சமையல் பாத்திரத்தில் அல்ல. பழைய டீக்கல்லை மாடலில் ஒட்டுவதற்கு முன் தேவையில்லாத ஓர் எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என்பதும் அப்போது வந்த பழக்கம். சிதறினால், முழுத் தாளின் மேலும் ஒரு கோட் கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும். மஞ்சளடித்த தாளைக் கவரோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினார். பின்னணிப் படலம் நன்றாகவே வெளுத்தது.

எதை எறிவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தோம். உடைந்தது, பிசுபிசுத்தது, ஒரே மாதிரிச் சில்லறைப் பாகம் கைப்பிடி அளவுக்கு மேல் சேர்ந்தது, எல்லாம் வெளியே. ஸ்ப்ரூ சட்டங்களில் ஒரு ஜாடி மட்டும் வைத்துக்கொண்டார். மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்தால் ஆன்டெனாக் கம்பியாகும், மாடல் ஒட்டும் சிமென்ட் பசையில் கரைத்தால் இடைவெளி நிரப்பும் கூழாகும். மிச்சம் குப்பை வண்டிக்குப் போனது. போகித் தீயில் அல்ல. பாலிஸ்டைரீன் எரிந்தால் வருகிற கரும்புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது.

பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து முழுக்க வெட்டாமல், எண் பொறித்த சிறு துண்டோடு சேர்த்து வெட்டிவைப்பது அவருடைய யோசனை. பின்னால் அடையாளம் தெரியும், பெயின்ட் அடிக்கும்போது பிடித்துக்கொள்ளவும் கைப்பிடியாகும். நல்ல யோசனை. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மேசை மேல், கட்டும்போது உதிர்பவற்றைப் போட ஓர் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. அவர் மனைவி பயன்படுத்தாமல் வைத்திருந்தது. ஏழு கிண்ணம். ஒரு மாடல் முடிந்ததும் கிண்ணங்களைக் காலி செய்த பிறகுதான் அடுத்த கிட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கலாம். அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே கட்டாய விதி அது.

## என்ன ஆனது

கோடை வரை பார்த்ததில் ஏற்பாடு நின்றிருக்கிறது. பிரிக்க வேண்டியவற்றுக்கான பெரிய டப்பா திரும்பி வரவில்லை. ஒரு மாடலின் மிச்சத்தை டப்பாக்களில் சேர்க்க, பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷைக் கழுவுகிற நேரம்தான் ஆகிறது என்கிறார். நோட்டு தேவைப்படவில்லை. முதல் சில வாரம் அது அவருக்கு வருத்தமாகவே இருந்தது.

உதிரிகளைக் கண்ணால் பார்க்க முடிவதால் அவர் கட்டுவதும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் குறிப்புத் தாளில் உள்ளபடியே கட்டுவார். இப்போது லாரியின் பின்பகுதியை மிச்சத்திலிருந்து பீப்பாய், மூட்டை, கயிற்றுச் சுருள் என்று நிரப்புகிறார். இந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை, மிகவும் பிடித்திருக்கிறது.

பேரன் இரண்டு முறை வந்து போனான். ஒரு முறை கத்திப் பிடியின் கோடு காலியாக இருப்பதைப் பார்த்து அறையைத் திறக்காமல் தேடினார்கள். பால்கனித் தடுப்புக்குப் பின்னால் கிடந்தது.

பூச்சிக்கு அந்துருண்டை நிறுத்தப்பட்டது. குறிப்புத் தாள்கள் இப்போது பிளாஸ்டிக் உறை ஃபைலில். சேதமான டாங்கி அடிப்பாகத்தை எறியவில்லை. பல்குறிகளைப் பள்ளம் அடைக்கும் புட்டிப் பசையால் நிரப்பித் தேய்த்து, சேற்றில் புதைந்த வண்டியாகக் கட்டப் போகிறார்.

## மாற்ற வேண்டியவை

மறுபடி செய்வதென்றால் பெட்டி வாங்குவதைக் கடைசியில் வைப்பேன். முதலில் எல்லாவற்றையும் ஒரு பெட்ஷீட்டில் கொட்டி, என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, காகிதத் தட்டுகளில் சில வாரம் பிரித்துப் புழங்கிவிட்டு, எந்தப் பிரிவு தானாக நிற்கிறது என்று தெரிந்தபின் கடைக்குப் போகலாம். அந்த இழுப்பறைப் பெட்டிகள் இரண்டும் இப்போது ஆணி, ஸ்குரூ, பல்ப் ஹோல்டர் என்று வீட்டுச் சாமான்களுக்குப் பயன்படுகின்றன.

கட்டி முடிக்காத கிட்கள் இன்னும் லாஃப்டில்தான் இருக்கின்றன. வினைல் பட்டைகளைத் தனிக் கவரில் போட்டாயிற்று, டீக்கல்கள் கீழே இறங்கிவிட்டன. ஆனால் ரெசின் என்ற பிசினில் வார்த்த பாகங்கள் உள்ள கிட்களுக்கு அந்தச் சூடு ஆகாது, மெல்லிய ரெசின் துண்டுகள் வளைந்துபோகும். அவற்றுக்குக் கீழே இடம் பார்க்க வேண்டும். பாத்திரத் தட்டைப் பற்றி அவர் மனைவியோடு இன்னும் பேசவில்லை.

பால்கனிப் பெயின்ட் ஏற்பாடு மழைக்காலத்துக்கு உதவவில்லை. சாரல் ஒரு பக்கம். காற்றில் ஈரம் மிகுந்தால் லேக்கர் காயும்போது வெளுத்துப் பனிபோல் படர்வது இன்னொரு பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒட்டும் வேலை, தேய்க்கும் வேலை மட்டும், பெயின்ட் எல்லாம் தைக்குப் பிறகு என்று அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். பெயின்ட் ஆவியை ஜன்னலில் குழாய் விட்டு வெளியேற்றும் பெயின்ட் பூத் ஒன்றையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். விசிறி மோட்டார் ஆவி போகும் பாதையில் இல்லாத வகையாகக் கிடைத்தால் மட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.